எங்கன இருந்து வந்தது?

எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் முதன்முதலாகப் பேசியதே ஒரு கேள்விதான். ஐம்பதுகளில் ஒரு வருஷம், சுரண்டையிலிருந்து மாற்றலாகி வந்து, தென்காசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் வீடு பிடித்து, சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் தன் வாசற்படியில் நின்றபடி என் கையிலிருந்த மண்சட்டியைப் பார்த்தாள். "டீச்சர், அந்தச் சட்டியில என்ன வைப்பிய?" என்றாள். மீன் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவள் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தெருவைப் பார்த்த அவள் வீட்டு ஜன்னலுக்கு உள்பக்கமிருந்து பலகை வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. அங்கே நான் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்தேன். அந்த ஜன்னல் திறந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

சைவம் எங்கள் பக்கத்தில் புதிய சங்கதி இல்லை. ஆனால் அவளுடைய சைவம் நாக்கோடு நிற்கிற சைவம் அல்ல. ஒரு பொருள் அவள் வீட்டு நடையைத் தாண்ட வேண்டுமானால், அது பிறந்த இடமும் வந்த வழியும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். "எங்கன இருந்து வந்தது?" என்று கேட்காமல் எதையும் கையால் வாங்க மாட்டாள். சீனியை எலும்புக்கரி போட்டு வெளுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள், சீனி போயிற்று. கருப்பட்டிக்கு மாறினாள். பதநீர்க் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு கடல் சிப்பியைச் சுட்டு எடுத்தது என்று தெரிந்ததும் கருப்பட்டியும் போயிற்று. அன்றோடு வெற்றிலை போடுவதையும் விட்டாள். பூச்சியை வேகவைத்துத்தான் பட்டுநூல் எடுக்கிறார்கள் என்பதற்காகச் சொந்த மகன் கல்யாணத்திலேயே நூல்சேலை கட்டிக்கொண்டு நின்றவள் அவள்.

பாவூர்சத்திரத்துக் கத்திரிக்காயைக் கூடையில் கொண்டுவருகிற காய்க்காரியை நடுத்தெருவில் நிறுத்தி, "ஏளா, இது கமலையில இறைச்ச தண்ணியா, வாய்க்காத் தண்ணியா?" என்று கேட்பாள். கமலையில் தண்ணீர் அள்ளுவது மாட்டுத்தோல் பை அல்லவா! காய்க்காரி என்ன சளைத்தவளா? "உங்களுக்குன்னே வாய்க்கால்ல குளிப்பாட்டித்தான் கூட்டியாந்திருக்கேன் ஆச்சி" என்பாள். தெருவே சிரிக்கும். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் சிரிக்க மாட்டாள். பதில் திருப்தியாக இருந்தால் வாங்குவாள், இல்லையென்றால் அன்றைக்கு அவள் வீட்டில் வெறும் பருப்புக்குழம்பு.

அவளைக் கெட்டவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். முடியவில்லை. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டு ஆளே எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். ஊரில் எனக்கு யாருமில்லை. தினமும் விடிந்ததும் என் வாசலில் ஒரு தூக்குவாளி இருக்கும். உள்ளே பொங்கப் பொங்கச் சுடுகஞ்சி. உடம்பு தேறி, தூக்குவாளியைப் புளிபோட்டுத் தேய்த்து, பளபளவென்று எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "அதை நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கஞ்சி கொடுத்த கைதான், நான் தொட்ட பாத்திரத்தைத் திரும்ப வாங்கவில்லை. கும்பிடுவதா திட்டுவதா என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றேன். அந்தத் தூக்குவாளி இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அவள் மருமகள் கோமதி. சிரித்த முகம், சுறுசுறுப்பான பெண். அவள் புருஷன் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஆபீஸில் அதிகாரிக்கும் வீட்டில் அம்மாவுக்கும் தலையாட்டியே பிழைத்தவன், அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கோமதி என்னை அக்கா என்பாள். மாமியார் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து என் வாசலில் வந்து உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவாள். அவள் பின்னினால் சாயங்காலம் வரை ஒரு முடி பிரியாது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு. காலையில் எழுந்தால் கையை மூடவும் முடியாது, விரிக்கவும் முடியாது. இங்கிலீஷ் டாக்டர் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. பால்குடிப் பிள்ளையைத் தூக்க முடியாமல் முழங்கைகளால் அணைத்து எடுத்துக்கொண்டு வருவாள். பார்க்கிற நமக்குப் பதறும்.

கடைசியில் குற்றாலத்து வைத்தியர் ஒருவரிடம் போனார்கள். அவர் ஒரே ஒரு பச்சிலையைத்தான் நம்பினார். சாரல் காலத்தில் பாறைச் சரிவுகளில் ஈரம் படிந்த இடத்தில் முளைக்கிற அழுகண்ணி. காசு அகலத்துக்குத் தரையோடு படிந்து கிடக்கும். சிவந்த இலை, இலை முழுக்க மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி நீர். உச்சிவெயிலிலும் அந்தத் துளி காயாமல் நிற்பதால்தான் அப்படிப் பெயர் வைத்தார்கள்போல. அதை நிழலில் உலர்த்திப் பொடித்து, பாலில் கலந்து காலையில் குடிக்க வேண்டும். பால் லேசாகச் சிவந்துவிடும், நாக்கு சுரீரென்று எரியும்.

எதிர்வீட்டு அம்மாள் கேட்காமல் இருப்பாளா? "இதுல சங்கு, சிப்பி, பவளம் ஏதாவது சேருதா?" என்று கேட்டிருக்கிறாள். "வெறும் செடிதான் அம்மா" என்றாராம் வைத்தியர். செடி என்றால் சைவம்தானே, சரி என்றுவிட்டாள்.

சில மாதங்களில் வீக்கம் வடிந்தது. ஒருநாள் கோமதி ஓடிவந்து, "அக்கா, திரும்பி உக்காருங்க" என்றாள். என் பின்னலை அவிழ்த்துப்போட்டு மறுபடி பின்னினாள். இறுக்கிப் பின்னியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில்தான் வந்தது என்று அவளிடம் சொன்னேன்.

அப்படியே விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் கை பிழைத்திருக்கும். மறு சாரலுக்கு மருந்து தீர்ந்தது. புதுச்செடி பறிக்கிற காலம் என்பதால், முளைக்கிற இடத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாள் கிளம்பிவிட்டாள். கோமதியையும் கூட்டிக்கொண்டாள். எனக்கும் பள்ளிக்கூடம் லீவு, நானும் போனேன். அருவியில் குளித்துவிட்டு வைத்தியரோடு பாறைச் சரிவுக்கு நடந்தோம். அங்கே தரையெல்லாம் சிவப்பாகப் பூத்த மாதிரி அழுகண்ணி. தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மருமகளைப் பிழைக்கவைத்த செடி என்கிற பக்தி. குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு கொசு இலையில் ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. ஓரத்து மயிர்கள் உள்பக்கமாக மடங்கின. நாங்கள் பார்க்கப் பார்க்கவே அதை நடுவில் தள்ளி அமுக்கின. பக்கத்து இலையில் செத்த எறும்பு ஒன்று, உள்ளே சத்தெல்லாம் போய்ச் சக்கையாகக் கிடந்தது.

"வைத்தியரே, இது என்ன செய்யுது?"

வைத்தியர் மழுப்பப் பார்த்தார். முடியவில்லை. "இந்தப் பாறையில என்ன எரு இருக்கு அம்மா? பூச்சியைப் பிடிச்சுத் தின்னு வளருது. நம்ம நெல்லுக்கு மட்டும் எரு எங்கன இருந்து வருதாம்? சாணி போடலையா?"

"சாணி தானா விழுந்தது. இது கூப்பிட்டுக் கொல்லுது" என்றாள் அவள். "தேன்துளி மாதிரி காட்டிக் கூப்பிட்டுல்லா கொல்லுது."

அவளுடைய பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது, அதுதான் அவளிடம் இருந்த பெரிய கஷ்டம். கோமதியைப் பார்த்தேன். அவள் செடியைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் மாமியார் உடனே மருந்தைத் தடுத்துவிட்டாள் என்று சொன்னால் அநியாயம். அவளும் பாடுபட்டாள். செடியைக் கூடை கூடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நடை தாண்டி நான் போக முடியாது, வாசலிலிருந்தே பார்த்தேன். முற்றத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாக எடுத்து, முள்ளால் பூச்சிச் சக்கையை நோண்டி எறிந்தாள். மஞ்சள் போட்ட வெந்நீரை மாற்றி மாற்றி ஊற்றி, பசை போகும்வரை அலசினாள். பிறகு சுத்தமான வெயிலில் காயவைத்தாள். ராத்திரியெல்லாம் அவளுக்கு முதுகு வலித்ததாகக் கோமதி சொன்னாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டினாளாம். அந்தப் பொடியைப் போட்டால் பால் வெள்ளையாகவே இருந்தது, நாக்கிலும் எரிவில்லை. "பாத்தியாட்டி, இப்பதான் இது மருந்து" என்றாளாம்.

ஐப்பசி பிறப்பதற்குள் கோமதியின் விரல்கள் மறுபடி உரலில் இடிபட்டவை மாதிரி ஆகிவிட்டன. வைத்தியர் வந்து பொடியை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இது வெறும் சருகு அம்மா. வெந்நி பட்டாலும் வெயில் பட்டாலும் மருந்து போயிரும். பசையோடதான் உலர்த்தணும்."

"அப்போ அந்தப் பசைதான் மருந்து?"

"அப்படித்தான் வச்சுக்கிடுங்களேன்."

"கொல்லுததே அந்தப் பசைதானே வைத்தியரே. அது எங்க வீட்டுக்குள்ள வேண்டாம்."

பிற்பாடு என் தங்கை மகள் காலேஜில் செடிகொடிகளைப் பற்றிப் படித்தாள். அவளிடம் கேட்டேன். பூச்சியைக் கரைக்கிற நீர் வேறு, வீக்கத்தைத் தணிக்கிற சத்து வேறு என்றாள். அந்தச் சத்து இலைக்குள்ளேயே இருக்கிறதாம். சூட்டில் ஆவியோடு ஆவியாகப் போய்விடக்கூடியதாம். ஆக, கொன்றது ஒன்று, குணமாக்கியது இன்னொன்று. வைத்தியருக்கும் அது தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் மாறியிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மருந்தை நிறுத்தியதோடு விட்டாளா? தன் முதுகுக்குப் பின்னால் கோமதி குடித்துவிடுவாளோ என்று பயம். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, பால்குடிப் பிள்ளையைக் கொண்டுவந்து முன்னால் உட்காரவைத்து, "என் வாயில அந்த மருந்து படாதுன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுட்டி" என்றிருக்கிறாள். புருஷன்காரன் பக்கத்தில்தான் இருந்தான். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றானாம். கோமதி சத்தியம் பண்ணினாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிர்வீட்டு அம்மாளை வாசலில் மறித்து நாலு பேர் பார்க்கக் கேட்டேன். "ஒரு கொசுவுக்காக ஒரு பொண்ணு கையை முடமாக்குதீங்களே, இது பாவமில்லையா?"

அவள் குரல் உயரவில்லை. "டீச்சர், நீங்க மீன் திங்கிதிய. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கேனா?"

கோமதிக்கு மட்டும் தனியாகச் சொன்னேன், நான் வாங்கித் தருகிறேன், என் வீட்டில் வந்து குடி, யாருக்கும் தெரியாது என்று. "பிள்ளை தலையில அடிச்சிட்டேனே அக்கா" என்றாள். உயிரோடிருந்த இரண்டுக்கும் முன்னே அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்காமல் போயிருந்தது. அவளை எப்படி வற்புறுத்துவது?

இரண்டு வருஷத்தில் கோமதியின் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே இறுகிவிட்டன. கரண்டியை முஷ்டியில் பிடிப்பாள். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவாள். என் தலையைப் பின்ன வருவது நின்றுபோயிற்று. சமையல், துணி, மாடு எல்லாம் மாமியார்தான். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும், அவள் முணுமுணுக்காமல் செய்தாள். பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மருமகளுக்கும் ஊட்டினாள்.

சும்மா சொல்லக்கூடாது, விதிக்குத்தான் எவ்வளவு குசும்பு! அறுபதுகள் பிறந்த சமயம் அவளுக்கும் கை வீங்கியது. கிணற்றுக் கயிறு கையிலிருந்து நழுவி, வாளி உள்ளே விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. இனி என்ன செய்யப்போகிறாள் என்று நான் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தேன். மருந்தைத் தேடிப் போவாள், நாலு கேள்வி நறுக்கென்று கேட்கலாம் என்று ஆசை. போகவில்லை. "அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" என்றாள். எனக்கு அந்த ஆசையும் போயிற்று.

வீட்டில் இரண்டு பெண்கள், வேலைக்கு ஒரு கை கிடையாது. சமையலுக்கு ஆள் வைக்கலாமென்றால், "எங்கன இருந்து வந்தவளோ, என்ன தின்னவளோ" என்று விட மாட்டாள். பிள்ளைகள் பழையதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் வரும். வகுப்பில் அந்த முகங்களைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி ஒருநாள் என் வாசலுக்கு வந்து, "அக்கா, வைத்தியர்கிட்ட அந்தப் பொடி வாங்கியாருவியளா?" என்றாள். நான் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கடைசியில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி வந்ததே, சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று சந்தோஷப்பட்டு அந்த வாரமே குற்றாலம் போய் வாங்கிவந்தேன். தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். பொட்டலத்தை அவள் இடுப்பில் செருகிக்கொண்டு போவாள்.

மாதங்கள் போயின. கோமதியின் விரல் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒருநாள் காலையில் எதிர்வீட்டு வாசலில் கோலம் கிடந்தது. கம்பி கம்பியாய் இழுத்த கோலம். போட்டவள் எதிர்வீட்டு அம்மாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"ஆய்க்குடி முருகனுக்கு நேந்தேன் டீச்சர். சஷ்டிக்குப் பச்சைத்தண்ணி பல்லுல படாம கிடந்தேன். நாம சுத்தமா இருந்தா சாமி கைவிடமாட்டான்." பிறகு நடையில் நின்ற மருமகள் பக்கம் தலையைச் சாய்த்து, "இவளுக்கு இன்னும் மனசுக்குள்ள அந்த மருந்து மேல ஆசை போகல்ல. அதான் முருகன் கண்ணு தொறக்க மாட்டேங்கான்" என்றாள். கோமதி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

எனக்குப் பொறி தட்டியது. அன்று மாமியார் கோயிலுக்குப் போனதும் கோமதியைக் கூப்பிட்டேன். "பொடியை நீ குடிக்கலையா?"

"நான் எப்படிக் குடிப்பேன்? சத்தியம்லா பண்ணியிருக்கேன். என் வாயில படாதுன்னுதான் பண்ணினேன், அவ வாயில படாதுன்னு பண்ணல்ல. காலம்பற அவளுக்குப் பால்ல கலக்கிக் குடுக்கேன்."

"உன்னை முடமாக்கினவளுக்கா? அவள் கிடந்து சாகட்டும் என்று விடாமல்?"

அவள் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவ கை மடங்கிட்டா எம்பிள்ளைகளுக்கு யாரு பொங்குவா அக்கா? எனக்கு யாரு ஊட்டுவா? எனக்குக் கை வேணும். என் கை வராதுன்னு ஆயிப்போச்சு. அவ கையாவது வரட்டும்."

எனக்குப் பயம் வந்தது. "அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்றேன்.

"தெரியாமலா இருக்கும்?" கோமதி சிரித்தாள். சிரித்த முகம் என்று சொன்னேனே, அந்தச் சிரிப்பில்லை. "முந்தி எனக்குப் பாலைக் கலக்கிக் குடுத்தவளே அவதானே. அந்தச் செவப்பு அவளுக்குத் தெரியாதா? நாக்கு அந்த எரி எரியுதே, அது தெரியாதா? முதல் நாள் டம்ளரை உள்ளங்கையில இடுக்கிக் கொண்டு நீட்டினேன். பாலைப் பாத்தா, என்னைப் பாத்தா. மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டா. கத்திரிக்காயை நிறுத்திவச்சுக் கேக்குதவ அக்கா, அந்தப் பாலை மட்டும் இன்னிக்கு வரைக்கும் எங்கன இருந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல."

அவள்மேல் நான் வைத்திருந்த ஒரே மரியாதை அந்த நிமிஷத்தில் போயிற்று. கொடுமைக்காரி, ஆனால் நியாயஸ்தி என்று இத்தனை வருஷமாக எண்ணியிருந்தேன். "அப்படியானால் உன் சத்தியத்தை எடுத்துவிடச் சொல்லேன், கோமதி! அவளே குடிக்கும்போது உனக்கென்ன தடை? உனக்கும் வீக்கமாவது வடியுமே, ராத்திரி தூக்கமாவது வருமே!"

"கேட்டுப் பாத்தேனே. போன மாசம், அவ குடிச்சு முடிச்சு டம்ளரைக் கீழ வைக்கும்போது கேட்டேன். 'அத்தை, என் சத்தியத்தை எடுத்துருங்களேன், வலி தாங்க முடியல்ல'ன்னேன்."

"என்ன சொன்னாள்?"

"வாயைத் துடைச்சுக்கிட்டா. 'பிள்ளை தலையில அடிச்சதை எப்படிட்டி எடுக்க? நம்ம வீட்டுல அப்படி வழக்கம் உண்டா?'ன்னுட்டு, அந்த நல்ல கையாலயே டம்ளரைக் கழுவிக் கவுத்தினா."

கோமதி எழுந்தாள். மாமியார் கோயிலிலிருந்து திரும்புகிற நேரம். படியிறங்கியவள் நின்று, "அக்கா, பொடி நாலு நாளைக்குத்தான் வரும்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நான் குற்றாலம் பஸ் ஏறினேன். மருந்தை வாங்கி வந்து அவள் முந்தானையில் நானே முடிந்துவிட்டேன், அவளால் முடிச்சுப் போட முடியாதல்லவா.